வாசிப்பவரின் காது

சிங்கப்பூரில், கிளமெண்டியின் அடுக்குமாடி வீடுகளில் வயலினோ மிருதங்கமோ பழகும் பிள்ளைகளுக்கு ஸ்வரத்தோடும் சொல்லோடும் சேர்ந்து இன்னொரு பாடமும் வந்துவிடுகிறது: அடுத்த வீட்டுக்காரருக்குத் தொந்தரவு கூடாது. இருட்டிய பிறகு மெதுவாக வாசி, ஜன்னலைச் சாத்து, அறைக் கதவை அடை. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை அமைதி நேரம் என்பது நெடுநாள் வழக்கம். 2022-இல் அமைக்கப்பட்ட அக்கம்பக்க இரைச்சல் பற்றிய சமூக ஆலோசனைக் குழு, அதை இரவு 10 முதல் காலை 8 வரை நீட்டிக்கப் பரிந்துரைத்தது. சுவருக்கு அப்பால் இருப்பவரின் காதைப் பற்றி இந்த நகரம் இவ்வளவு அக்கறையோடு யோசித்திருப்பது நல்லதுதான். ஆனால் வாத்தியத்துக்கு ஒரு சாண், இரண்டு சாண் தூரத்தில் இருக்கும் காதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. சுவரைத் தாண்டிப் போகிற ஒலி மிஞ்சிப்போனால் ஒருவர் தூக்கத்தைக் கெடுக்கும். வாசிப்பவரின் காதில் நாள்தோறும் விழும் ஒலியோ, அவர் எதை நம்பி இசைக்கு வந்தாரோ அந்தக் கேட்கும் திறனையே கெடுக்கக்கூடும். மைக்கும் ஒலிபெருக்கியும் இல்லாமல் வாசிப்பவர்களும் காதுக்குக் காப்பு அணிய வேண்டும் என்று சொன்னால் வியப்பாகப் பார்க்கிறவர்களே அதிகம். ஆனால் அப்படிச் சொல்ல வலுவான காரணங்கள் இருக்கின்றன.

வியப்புக்குக் காரணம் எளிது. காதைக் கெடுப்பது ராக் கச்சேரியும் தலையில் மாட்டும் ஹெட்போனும்தான், மரமும் தோலும் நரம்பும் எழுப்பும் இயற்கையான ஒலி அப்படிச் செய்யாது என்ற எண்ணம் நம்மிடம் ஊறியிருக்கிறது. ஆனால் ஒலி மின்சாரத்தில் பிறந்ததா, மூச்சில் பிறந்ததா என்பது காதுக்குத் தெரியாது. அங்கே வந்து சேரும் அழுத்தம் எவ்வளவு, எவ்வளவு நேரம் என்பது மட்டுமே கணக்கு. சிகாகோ சிம்பொனி இசைக்குழுவினரிடம் நடந்து 1991-இல் வெளியான ஆய்வு இதில் முக்கியமானது. ஒத்திகைகளிலும் கச்சேரிகளிலும் கலைஞர்கள் அணிந்திருந்த சிறு அளவிகள் பதிவு செய்த சராசரி ஒலியளவு 79 முதல் 99 டெசிபல் வரை இருந்தது. பாதிக்கும் சற்று அதிகமானோரின் செவிச் சோதனை வரைபடத்தில், உரத்த ஒலியால் வரும் பாதிப்புக்கே உரிய பள்ளம் தெரிந்தது. வயலின், வியோலா வாசிப்பவர்களுக்கு வலக்காதைவிட இடக்காது மந்தமாக இருந்தது. வாத்தியம் இடத் தாடையின் கீழ் இருப்பதால் அதன் முழு வீச்சும் இடக்காதுக்குத்தான் போகிறது. கர்நாடக இசையில் வயலின்காரர் தரையில் அமர்ந்து, வயலினின் சுருள்முனையை வலக்காலின் மேல் ஊன்றி, அடிப்பாகத்தை இடத் தோளின் கீழ் சாய்த்துக்கொள்கிறார். இந்த நிலையில் காதுக்கும் தந்திக்கும் இடைவெளி சற்றுக் கூடும். ஆனாலும் அருகில் இருப்பது இடக்காதுதான், நாளுக்கு மூன்று மணி நேரம் சாதகம் செய்பவருக்கு அந்தக் கூடுதல் இடைவெளி போதாது.

எவ்வளவு ஒலி, எவ்வளவு நேரம் என்பதற்குச் சிங்கப்பூரிலேயே சட்ட அளவு உண்டு. 2011-ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்பு, சுகாதார (இரைச்சல்) விதிமுறைகள், எட்டு மணி நேரத்துக்குச் சராசரி 85 டெசிபலை வரம்பாக வைக்கின்றன. டெசிபல் என்பது கூட்டல் கணக்கில் நகரும் அளவு அன்று; 3 டெசிபல் கூடினால் காதுக்குள் போகும் ஆற்றல் இருமடங்கு. ஆகவே 88 டெசிபலில் நான்கு மணி நேரம், 91-இல் இரண்டு, 94-இல் ஒரே ஒரு மணி நேரம் என்று அனுமதி நேரம் பாதி பாதியாகக் குறைகிறது. 100 டெசிபல் என்றால் கால் மணி நேரத்தில் அன்றைய பங்கு தீர்ந்துபோகும். துவாஸ் கப்பல் பட்டறையில் இரும்பு தேய்ப்பவருக்காக எழுதப்பட்ட கணக்கு இது. ஆனால் 94 டெசிபல் அளவில் ஒரு மணி நேரம் அலாரிப்பு முழக்கிப் பழகும் பிள்ளையின் காதுக்கும் இதே கணக்குத்தான் ஓடுகிறது. அளக்கக் கருவி தேடி அலைய வேண்டியதில்லை. கைநீட்டும் தூரத்தில் நிற்பவரோடு பேசக் குரலை உயர்த்த வேண்டியிருந்தால், அந்த இடம் ஏறத்தாழ 85 டெசிபலைத் தொட்டுவிட்டது என்று கொள்ளலாம். தவில் வாசிக்கும்போது பக்கத்தில் இருப்பவரோடு பேசிப் பார்த்தவர்களுக்கு மேலே விளக்கத் தேவையில்லை.

காதுக்குள் நடப்பதைப் பார்த்தால்தான் இந்த எண்களின் கடுமை புரியும். நத்தைக் கூடு வடிவில் சுருண்டிருக்கும் காக்லியாவில், ஒவ்வொரு காதுக்கும் ஏறத்தாழ 3,500 உள்மயிர்ச்செல்களும் 12,000 வெளிமயிர்ச்செல்களும் உண்டு. பிறக்கும்போது இருப்பவைதான் ஆயுள் முழுக்க. பறவைகளுக்கு இழந்த மயிர்ச்செல்கள் மீண்டும் முளைக்கின்றன, பாலூட்டிகளின் காக்லியாவில் முளைப்பதில்லை. உரத்த ஒலியில் இவற்றின் நுண்ணிழைகள் வளைந்து, களைத்து, மீள்கின்றன. மீளும் எல்லையைத் தாண்டினால் செல்லே இறந்துவிடுகிறது. பாதிப்பு முதலில் தெரிவது 4,000 ஹெர்ட்ஸ் சுற்றில். செவிக்குழாய் 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலியை இயல்பாகவே பெரிதாக்கி உள்ளே அனுப்புகிறது, சேதமோ அதைவிடச் சற்று உயர்ந்த அதிர்வெண்ணில் விழுகிறது. பேச்சில் ச, ஸ, த போன்ற மெய்களின் கூர்மையும், வாத்தியத்தில் மீட்டின் விளிம்பும் வில்லின் உராய்வும் அங்கேதான் இருக்கின்றன. காதுக்கு ஒரு தற்காப்பு இல்லாமலும் இல்லை: ஒலி உரத்தால் நடுக்காதின் சிறு தசை ஒன்று சுருங்கி எலும்புச் சங்கிலியை இறுக்குகிறது. ஆனால் அது சுருங்கி முடிக்கப் பல பத்து மில்லிவினாடிகள் ஆகும். அது தடுப்பதும் பெரும்பாலும் தாழ்ந்த ஒலிகளைத்தான். தவில் குச்சியின் அடி அந்தத் தசை விழித்துக்கொள்வதற்குள் உள்ளே போய்விடுகிறது.

கச்சேரி முடிந்த இரவில் காது அடைத்தாற்போல இருந்து, காலையில் தெளிந்துவிட்டால் ஒன்றும் ஆகவில்லை என்று முன்பெல்லாம் மருத்துவர்களே நம்பினார்கள். 2009-இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஷாரன் குஜாவா, சார்ல்ஸ் லீபர்மன் இருவரும் வெளியிட்ட எலி ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. இரண்டு மணி நேரம் உரத்த ஒலி கேட்ட எலிகளின் செவித்திறன் சில நாளில் முழுதாகத் திரும்பியது. மயிர்ச்செல்களும் உயிரோடு இருந்தன. ஆனால் அவற்றை நரம்போடு இணைக்கும் முனைகளில், ஒரு பகுதியில் பாதி வரை, திரும்பவே இல்லை. மனிதருக்கு இது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதில் அறிஞர்களிடையே விவாதம் தொடர்கிறது. ஆனால் அமைதியான அறையில் எல்லாம் கேட்கிறது, கல்யாண வீட்டுச் சந்தடியில் மட்டும் எதிரே இருப்பவர் பேச்சுப் பிடிபடவில்லை என்று சொல்பவர்களுக்கு இது ஒரு விளக்கமாக இருக்கலாம். இசைக்காரருக்கு இன்னும் இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று ஓயாத காது இரைச்சல். தம்புராவின் மெல்லிய நாதத்தின் மேல் அழைக்காமல் வந்து அமர்ந்துகொள்ளும். மற்றது ஒரே ஸ்வரம் இரு காதிலும் சற்று வெவ்வேறு சுருதியில் கேட்பது. கமகத்தின் நெளிவை நம்பி நிற்கும் ஒரு சங்கீதத்தில் இதைவிடப் பெரிய இழப்பு என்ன இருக்க முடியும்?

நம் வாத்தியங்களில் மிக உரத்த இணை நாகஸ்வரமும் தவிலும். இரண்டுமே நாலு மாடவீதிக்குக் கேட்பதற்காக உருவானவை. தவிலைக் கிட்டத்தில் பார்த்தால் அதன் வேகம் விளங்கும். பலாமரக் கட்டை; வலந்தலைத் தோல் விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும்; வலக்கை விரல்களில் மாவுப் பசையும் துணியும் சேர்த்துக் கல்போல் இறுகச் செய்த கூடுகள்; இடப்பக்கமான தொப்பியில் விழுவது பூவரசங்குச்சி. விரல் கூட்டின் ஒவ்வொரு தட்டும் ஒரு சிறு வெடிப்பு. அந்தத் தோலுக்கும் வாசிப்பவர் காதுக்கும் இடையே இரண்டரை, மூன்று சாண் இருந்தால் அதிகம். நாகஸ்வரத்தின் விரிந்த வாயான அணசு முன்னோக்கியிருப்பதால் ஒலியின் பெரும்பங்கு ஊதுபவரை விட்டு விலகிப் போகிறது. ஆனால் பக்கத்தில் இரண்டு தவில்கள் இருக்கின்றன, ஸ்பெஷல் தவில் என்றால் நான்கு. சிராங்கூன் சாலையில் சுவாமி புறப்பாட்டின்போது இது வெட்டவெளியில் கரைந்துவிடும். அதே மேளம் குளிரூட்டப்பட்ட கல்யாண மண்டபத்திலோ, புளோக்கின் கீழ்த்தளத்திலோ, தாழ்ந்த கூரைக்கும் ஓடு பதித்த தரைக்கும் நடுவே முழங்கும்போது நிலைமை வேறு. சீன இசையில் நாகஸ்வரத்துக்கு உறவான சுவோனாவும் சிங்க நடன முரசும் இதே சிக்கலில்தான் இருக்கின்றன. பள்ளியின் சீன இசைக்குழுவில் சுவோனாவுக்கு முன்வரிசையில் உட்காரும் பிள்ளைக்கும் இது பொருந்தும்.

சிறிய அறைகளுக்கென்று ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. வெளியில் தூரம் இருமடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். வீவக வீட்டின் ஒரு படுக்கையறையில், வாத்தியத்திலிருந்து அரை மீட்டர் தாண்டினாலே, நேராக வரும் ஒலிக்கு இணையாகக் கான்கிரீட் சுவரில் மோதித் திரும்பும் ஒலியும் வந்து சேர்ந்துவிடுகிறது. இரண்டும் சமமானால் 3 டெசிபல் கூடுதல். அனுமதி நேரம் பாதி. திறந்திருக்கும் ஜன்னல்தான் அந்த அறையில் ஒலியை முழுதாக விழுங்கும் ஒரே பரப்பு, ஏனென்றால் அதன் வழியே போனது திரும்பி வராது. பக்கத்து வீட்டுக்காரரை நினைத்து அந்த ஜன்னலைச் சாத்தும்போது அவருக்குக் குறைகிற ஒலியில் ஒரு பங்கு வாசிப்பவருக்குக் கூடுகிறது. அதற்காக ஜன்னலைத் திறந்துவைத்து வாசிக்க வேண்டும் என்பதில்லை. கனத்த திரைச்சீலை, மெத்தை, புத்தக அலமாரி, தரைவிரிப்பு என்று ஒலி உறிஞ்சும் பொருள்கள் உள்ள அறையைப் பயிற்சிக்குத் தேர்ந்தால் இரு பக்கத்துக் காதுக்கும் நல்லது. காலியான, ஓடு பதித்த அறையில் நாதம் செழிப்பாகக் கேட்கிறது என்பதற்காகவே அதைத் தேர்பவர்கள் உண்டு. அந்தச் செழிப்புதான் இங்கே ஆபத்து.

எதிர்வாதங்களில் நியாயமானவையும் இருக்கின்றன. இசை இரைச்சல் இல்லையே, விரும்பிக் கேட்பது எப்படிக் கெடுக்கும் என்பது ஒன்று. இதை அப்படியே தள்ளிவிட முடியாது. மேற்கத்திய இசைக்குழுக்களில் நடந்த சில ஆய்வுகளில், தொழிற்சாலைக் கணக்குப்படி இருந்திருக்க வேண்டியதைவிடக் கலைஞர்களின் செவி நன்றாகவே இருந்தது. இசையில் உரத்த பகுதிகளுக்கு நடுவே ஓய்வு வருகிறது, இயந்திரத்துக்கு ஓய்வில்லை என்பது ஒரு காரணமாகலாம். ஆனால் பெரிய எண்ணிக்கையில் பார்க்கும்போது படம் மாறுகிறது. ஜெர்மனியில் 2004 முதல் 2008 வரையிலான மருத்துவக் காப்பீட்டுப் பதிவுகளை, ஏறத்தாழ 70 லட்சம் பேருடையவற்றை, ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். தொழில்முறை இசைக்கலைஞர்களுக்கு, ஒலியால் வரும் செவிப் பாதிப்பு மற்றவர்களைவிட மூன்றரை மடங்குக்கும் மேல். காது இரைச்சல் 57 விழுக்காடு அதிகம். இதில் எல்லா வகைக் கலைஞர்களும் அடக்கம் என்பதைச் சொல்லியாக வேண்டும். மின்கிதார் வாசிப்பவரும் இருப்பார். ஆனாலும் இசை என்ற பெயரே காப்பு என்று இனி யாரும் வாதிட முடியாது.

இன்னொரு வாதம் நம்மவர் எல்லோரும் சொல்வது: பெரிய வித்துவான்கள் எண்பது வயதுவரை வாசித்தார்களே, யார் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்கள்? ஒரே அளவு ஒலிக்கு எல்லார் காதும் ஒரே மாதிரி சேதமாவதில்லை. சிலர் காது இயற்கையிலேயே தாங்கும், சிலருடையது தாங்காது, எது எவருடையது என்று முன்கூட்டியே சொல்லும் சோதனை இல்லை. காது மந்தமானதால் ஒதுங்கிப்போனவர்கள் மேடையில் இல்லாததால் நம் கணக்கிலும் இல்லை. அந்த வித்துவான்களுக்குச் செவிச் சோதனை எடுத்து வைத்திருந்தால்தான் அவர்கள் எதையும் இழக்கவில்லை என்று சொல்ல முடியும். வயதானால் காது மந்தமாவது இயல்புதானே என்று எல்லாவற்றையும் வயதின் கணக்கில் எழுதிவிட்டோம். அவர்கள் கோயில் பிராகாரத்திலும் திறந்த பந்தலிலும் வாசித்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

உண்மையிலேயே கனமான எதிர்வாதம் மூன்றாவது: காதை அடைத்துக்கொண்டால் சுருதி எப்படிச் சேரும்? மருந்துக்கடையில் கிடைக்கும் மஞ்சள் நுரை இயர்பிளக்கை மனத்தில் வைத்துக் கேட்டால் இது முற்றிலும் சரி. அது 30 டெசிபல் அளவுக்குக் குறைக்கும். அதுவும் உயர்ந்த அதிர்வெண்களைக் கூடுதலாகவும் தாழ்ந்தவற்றைக் குறைவாகவும். செவிக்குழாய் இயல்பாகத் தரும் 3,000 ஹெர்ட்ஸ் பெருக்கமும் போய்விடும். ஆகவே வாத்தியம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிக் கேட்கும், வாசிப்பவர் அதை ஈடுகட்ட இன்னும் பலமாக அடிப்பார். இந்தக் குறையைத் தீர்க்கவே, சிகாகோ ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான மீட் கில்லியன், எல்லா அதிர்வெண்களையும் ஒரே சீராகக் குறைக்கும் வடிகட்டி பொருத்திய இயர்பிளக்கை 1980-களின் இறுதியில் உருவாக்கினார். இழந்த பெருக்கத்தை அந்த வடிகட்டியே திரும்பத் தருகிறது. 9, 15, 25 டெசிபல் என்று அளவுகள் உண்டு. இங்கே பழைய கணக்கைத் திரும்பப் பாருங்கள்: 94 டெசிபலில் வாசிப்பவர் 9 டெசிபல் குறைத்தாலே 85-க்கு வந்துவிடுகிறார், ஒரு மணி நேரம் எட்டு மணி நேரமாகிறது. வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் அதற்கு மேல் பெரும்பாலும் தேவையில்லை. 15 டெசிபல் தவிலுக்கு உதவும். குறைவாகக் காப்பது இங்கே நல்ல உபாயம், ஏனென்றால் கழற்றி வைத்த காப்பு எதையும் காப்பதில்லை. முதல் இரண்டு வாரம் அந்நியமாகவே இருக்கும். அதனால் கச்சேரியில் தொடங்காமல் தினசரிச் சாதகத்தில் தொடங்க வேண்டும். மொத்த ஒலியில் பெரும்பங்கு சேர்வதும் சாதகத்தில்தான்.

நாகஸ்வரத்துக்கு இந்தத் தீர்வு முழுதாகப் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சீவாளியை உதட்டில் கவ்வி ஊதும்போது தாடை, பல், மண்டையோடு வழியாகவும் ஒலி காதுக்கு வருகிறது. செவிக்குழாயின் வாயை அடைத்தால் அந்த ஒலி வெளியேற வழியின்றி உள்ளேயே முழங்கும். தாழ்ந்த அதிர்வெண்களில் 20 டெசிபல் வரை கூட அது பெருகலாம். பாடகர்களுக்கும் இதே தொல்லை. காதின் அச்செடுத்து, குழாயின் எலும்புப் பகுதிவரை ஆழமாகப் பொருந்தும்படி செய்த பிளக்கில் இது வெகுவாகக் குறையும். ஆனால் அதற்குச் செலவும் பயிற்சி பெற்ற செவியியலாளரும் வேண்டும். தவிலுக்கு அருகில் இருக்கும் காதில் மட்டும் அணிவது ஒரு நடுவழி. அதைவிட நல்ல வழி நம் குருகுலத்திலேயே இருக்கிறது. நாகஸ்வரம் பழகுபவர் முதலில் வாய்ப்பாட்டாகக் கீர்த்தனையைப் பாடம் செய்வது பழைய முறை. தவிலும் மிருதங்கமும் பழகுபவர் கணக்கையும் கோர்வையையும் முதலில் சொற்கட்டாக வாயால் சொல்லித் தொடையில் தாளம் போட்டே பிடிக்கிறார். காதுக்காக ஏற்பட்ட முறை இல்லை இது. ஆனால் இரண்டு மணி நேரச் சாதகத்தில் ஒரு மணி நேரம் வாயில் நடந்தால் காதுக்குப் போகும் ஒலி பாதியாகிவிடும்; 3 டெசிபல் குறைத்ததற்குச் சமம், பைசா செலவில்லை. அவசரமாக நேரே வாத்தியத்தில் உட்காரவைக்கும் இன்றைய வகுப்புகள் இந்த இடத்தில் பழைய ஆசான்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

காதைக் காப்பது வாசிப்பவர் ஒருவர் பொறுப்பு மட்டும்தானா என்ற கேள்விக்கு லண்டனில் ஒரு நீதிமன்றம் பதில் சொல்லியிருக்கிறது. 2012 செப்டம்பரில் ராயல் ஓபரா ஹவுஸில் வாக்னரின் இசைநாடகம் ஒன்றின் ஒத்திகையில், பித்தளை வாத்தியங்களுக்கு நேர்முன்னே அமர்த்தப்பட்ட வியோலா கலைஞர் கிறிஸ்டோபர் கோல்ட்ஷைடரின் செவி பாதிக்கப்பட்டது. இயர்பிளக் கொடுத்திருந்தோம், அணிவது அவர் விருப்பம், தொழிற்சாலையில் ஒலி வேண்டாத கழிவு, இங்கே ஒலிதான் உற்பத்திப் பொருள் என்று நிறுவனம் வாதிட்டது. 2018-இல் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2019-இல் மேல்முறையீட்டிலும் நிறுவனமே பொறுப்பு என்று ஆனது. மின்கருவி ஒன்றுகூட இல்லாத இசைக்குழுக் குழி அது. இடம் நெருக்கமாக இருந்ததும், யாரை எங்கே உட்காரவைத்தார்கள் என்பதுமே அங்கே பெரிய கேள்விகளாக எழுந்தன.

சிங்கப்பூரில் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2011 செப்டம்பர் முதல் எல்லாப் பணியிடங்களுக்கும் பொருந்துகிறது. அளவுக்கு மிஞ்சிய இரைச்சலில் வேலை செய்பவருக்குப் பணியில் சேரும்போதும் பிறகு ஆண்டுதோறும் செவிச் சோதனை எடுக்க வேண்டும் என்பது விதி. இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை இழப்பீட்டுக்கு உரிய தொழில்நோய். தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதியில் வந்து கோயில்களில் மேளம் வாசிக்கும் கலைஞர்களை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. காலையும் மாலையும், விழா நாள்களில் இடையிலும் வாசிப்பது அவர்கள் தொழில். ஆனால் மக்கள் கழகத்தின் சிங்கப்பூர் இந்திய இசைக்குழுவிலும், 1949 முதல் இயங்கும் சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகத்தின் வகுப்புகளிலும் பழகும் பிள்ளைகள் ஊழியர்கள் அல்லர். சட்டம் அவர்களைத் தொடாது. அமெரிக்காவில் இசைக் கல்லூரிகளின் தேசிய சங்கம் 2011-இலிருந்தே செவி நலக் குறிப்புகளை மாணவர் கையில் சேர்த்துவருகிறது. இங்கும் அது கடினமில்லை. கிளமெண்டி பேருந்து நிலையத்தில் 96-ஆம் எண் பேருந்து ஏறினால் சில நிறுத்தங்களில் பல்கலைக்கழக வளாகம். யோங் சியூ தோ இசைக் கல்லூரியும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையும் அந்தக் கெண்ட் ரிட்ஜ் பகுதியில்தான் இருக்கின்றன. இசை கற்பவரும் செவி சோதிப்பவரும் இவ்வளவு அருகில் வாய்த்த வட்டாரம் இது. அரங்கேற்றத்துக்குப் பட்டுப்புடவையும் மண்டபமும் ஏற்பாடு செய்கிற பெற்றோர், அதற்குப் பல ஆண்டு முன்னால், வாத்தியம் கைக்கு வந்த முதல் வருடத்திலேயே ஒரு செவிச் சோதனை எடுத்து அந்தத் தாளைப் பத்திரமாக வைக்கட்டும். 4,000 ஹெர்ட்ஸில் பள்ளம் விழத் தொடங்கினால், அந்த முதல் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான், குழந்தைக்கே தெரியும் முன் அதைக் கண்டுபிடிக்க முடியும்.